சுற்றுச்சுவருக்கு எந்தக் கல்?

குமரேசன் (செயலாளர்): அனைவருக்கும் வணக்கம். நம் நகரின் சுற்றுச்சுவருக்கு இரண்டு விலைப்பட்டியல்கள் வந்துள்ளன. ஒன்று ஃபிளை ஆஷ் கல், அதாவது அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல். மற்றொன்று டேனரிக் கசடை, அதாவது தோல் பதனிடும் ஆலைக் கழிவைக் களிமண்ணுடன் கலந்து சுட்ட செங்கல், விலை குறைவு. சுட்டபின் கசடிலுள்ள குரோமியம் என்ற உலோகம் வெளியே வராது என்று சூளைக்காரர் உறுதி கூறுகிறார்.

நசீமா (மனை 9): ஃபிளை ஆஷ் கல்லிலும் ஈயமும் ஆர்சனிக்கும் உண்டு என்கிறார்களே, அருள் தம்பி?

அருள் (மனை 17): சிறிதளவு உண்டு, அக்கா. ஆனால் அந்தக் கல் சுடப்படுவதில்லை. சாம்பலிலுள்ள சிலிக்கா சுண்ணாம்புடனும் நீருடனும் கூடி மெல்ல இறுகும்போது, உலோகங்களில் ஒரு பகுதி அந்த இறுக்கத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. ஈயம் போன்றவை காரத்தன்மையால் எளிதில் கரையாத சேர்மங்களாகவும் படிகின்றன. கல் இறுகும்வரை நீர் தெளித்து ஈரமாக வைப்பதைக் குறைத்தால் இந்தப் பிடிப்பும் தளரும்.

டேனரிக் கசடின் கதை வேறு. அதில் பெரும்பாலும் இருப்பது எளிதில் கரையாத மூன்றாம் நிலைக் குரோமியம். சுண்ணாம்பு கலந்த கசடைக் காற்றோட்டமுள்ள சூளையில் சுட்டால், அதில் ஒரு பகுதி மழைநீரிலேயே கரையும், நச்சு மிகுந்த ஆறாம் நிலைக்கு மாறக்கூடும். குரோமிய உப்புகள் தயாரிக்கும் குரோமேட் ஆலைகள் தாதுவைக் காரத்துடன் வறுப்பதும் இதே மாற்றத்துக்காகத்தான். அத்தகைய ஆலை ஒன்று ராணிப்பேட்டையில் விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை நம் மாவட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ராகவன் (மனை 3): நல்ல வெப்பத்தில் அது கண்ணாடிபோல் உருகி அடைபட்டுவிடாதா, தம்பி?

அருள் (மனை 17): முடியும் ஐயா. காற்றைக் குறைத்து, களிமண்ணின் கலவையையும் வெப்பத்தையும் சீராக வைத்தால் குரோமியம் கரையாத படிகங்களுக்குள் நிலைத்துவிடும். நம் பக்கத்துச் சூளைகளில் அடுக்குக்கு அடுக்கு வெப்பம் மாறுகிறதே! ஆகவே வாய்ச்சொல் போதாது. கசிவுச் சோதனை அறிக்கை வேண்டும். கல்லை உடைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் சுழற்றி, கரைந்து வந்த உலோகத்தை அளப்பார்கள். குரோமியத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரம்பு. ஆறாம் நிலைக் குரோமியத்தைத் தனியாக, வெறும் நீரிலும் அளந்து தரச் சொல்லுங்கள்.

நசீமா (மனை 9): பிற்காலத்தில் சுவரை இடித்தால் பறக்கும் தூள் என்னாகும்?

அருள் (மனை 17): முழுக்கல்லைச் சோதிக்காமல் உடைத்துச் சோதிப்பது அதற்காகவும்தான், அக்கா. இன்னொன்று, 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி இந்தக் கசடைப் பயன்படுத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் தேவை.

குமரேசன் (செயலாளர்): சூளைக்காரரிடம் தொலைபேசியில் இரண்டையும் கேட்டேன், எதுவும் இல்லையாம். ஃபிளை ஆஷ் கல் தருபவரிடமும் சோதனை அறிக்கை கேட்டுள்ளேன். அது வந்த பிறகே முன்பணம் செலுத்தப்படும்.