காய்ச்சி வடித்த நீரில் சிதையும் சிப்ரோஃப்ளோக்சசின் கழிவுநீரில் ஏன் சிதைவதில்லை?

கேள்வி:
சிப்ரோஃப்ளோக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஒளியாலும் வினையூக்கியாலும் சிதைக்கப் பார்க்கிறேன். வினையூக்கி பி25 (ஒரு வகை டைட்டானியம் டை ஆக்சைடு தூள்) லிட்டருக்கு 0.5 கிராம், மருந்து லிட்டருக்கு 10 மில்லிகிராம், ஒளிக்கு 365 நானோமீட்டர் எல்.இ.டி. காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணி நேரத்தில் 90% போய்விடுகிறது. இரண்டாம் கட்ட சுத்திகரிப்பு முடிந்த கழிவுநீரில் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. வினையூக்கியை 2 கிராமாக்கியும் பயனில்லை. எஞ்சிய மருந்தைக் கணக்கிட, 277 நானோமீட்டரில் நீர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிறேன்.

பதில் 1:
2 கிராம் போட்டால் நீர் பால் மாதிரி ஆகிவிடும். ஒளி உள்ளே இறங்காது. 0.5 போதும். சந்தேகப்பட வேண்டியது பைகார்பனேட்டையும் பாஸ்பேட்டையும். முன்னது, ஒளி பட்ட வினையூக்கியில் உருவாகி மருந்தைத் தாக்கும் ஹைட்ராக்சில் உறுப்பைப் (ரேடிக்கல்) பிடித்து வலுக்குறைந்த கார்பனேட் உறுப்பாக்குகிறது. பின்னது வினையூக்கியின் பரப்பில் ஒட்டிக்கொண்டு மருந்துக்கு இடம் விடாது. கழிவுநீரின் கரிமப் பொருளும் போட்டிக்கு வரும்.

காய்ச்சி வடித்த நீரில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். சோடியம் பைகார்பனேட் லிட்டருக்கு 420 மில்லிகிராம் போட்டால் 5 மில்லிமோல். ஆனால் பி.எச். 8க்கு மேல் ஏறும். அங்கே டைட்டானியம் டை ஆக்சைடு எதிர்மின்னேற்றம் பெற்று, மருந்து ஒட்டும் அளவும் மாறிவிடும். அதனால் சோடியம் ஹைட்ராக்சைடால் அதே பி.எச்.சுக்குக் கொண்டுவந்த இன்னொரு மாதிரியும் ஓட்டுங்கள். குற்றவாளி பைகார்பனேட்தான் என்றால், கழிவுநீரை பி.எச். 4க்கு இறக்கி, காற்றூட்டி கார்பன் டை ஆக்சைடை விரட்டிவிட்டு, மீண்டும் 6.5க்கு ஏற்றலாம்.

பதில் 2:
அந்த 30, 90 இரண்டையுமே நம்ப மாட்டேன். மருந்து மூலக்கூறின் ஒரு பகுதியான பைப்பரசின் வளையம் உடைந்தாலும், அதன் மையமான குயினோலோன் கரு அப்படியே இருந்து 277இல் ஒளியை உறிஞ்சும். கழிவுநீரின் கரிமமும் அங்கேதான் உறிஞ்சுகிறது. கலவையின் பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் சி18 என்ற பிரிப்புத் தூணும் ஒளிர்வு உணர்கருவியும் (280இல் தூண்டி 450இல் அளப்பது) வேண்டும்.

விளக்குப் போடும் முன் 30 நிமிடம் இருட்டில் கலக்கினீர்களா? இல்லையென்றால் வினையூக்கியில் ஒட்டிய மருந்தையும் சிதைந்ததாகக் கணக்கில் எழுதியிருப்பீர்கள். வினையூக்கி இல்லாமல் ஒளி மட்டும் பாய்ச்சிய மாதிரியும் கட்டாயம். இந்த மருந்து தானாகவே ஒளியில் சிதையும். வடிதாளும் மருந்தைப் பிடிக்கலாம், முதல் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிடுங்கள். கடைசியில், சிதைத்த நீர் ஈ. கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்: மூல மருந்து மறைந்தாலும் விளைபொருளில் வீரியம் மிஞ்சலாம்.

பதில் 3:
10 மில்லிகிராம் என்பது மருந்துத் தொழிற்சாலைக் கழிவின் அளவு. ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவின் அத்தகைய கழிவில், 2007இல் வெளியான ஆய்வு ஒன்று லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை கண்டது. ஊர்ச் சாக்கடையில் இருப்பது பெரும்பாலும் மைக்ரோகிராம்தான். உங்கள் நீர் எது என்று முடிவுசெய்துவிட்டு செறிவை வையுங்கள். பெரிய அளவுக்குப் போகிறீர்கள் என்றால் பி25 தூள் எளிதில் படியாது, வடிகட்டிச் சலித்துவிடும். கண்ணாடி மணிகளில் பூசிப் பாருங்கள். வேகம் குறையும், ஆனால் வினையூக்கி கையில் நிற்கும்.