குட்டியின் வியட்நாம் பயணம்: ‘மேலவீதி வீடு’ வாட்ஸ்அப் குழுவிலிருந்து

*சனிக்கிழமை*

அம்மா (காலை 6.10): குட்டி, கிளம்பியாச்சா? ஏதாவது சாப்பிட்டாயா?

நான் (6.25): இங்கே மணி எட்டு ஆகப் போகிறது அம்மா. ஹூவேயிலிருந்து தா நாங் பக்கம் கிளம்பிவிட்டோம். நாலு பேரும் ஒரே வண்டியில். டிரைவர் அண்ணன் ஓட்டுகிறார்.

மாமா: டிரைவர் எதற்கு? யூடியூப்பில் எல்லோரும் பைக்கில்தான் போகிறார்கள்.

நான்: இங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும் மாமா. நம் லைசென்ஸ் செல்லுமா செல்லாதா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விழுந்துவைத்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அத்தை: (வீடியோ) ஹோய் அன் ஊரே வெள்ளத்தில் மிதக்கிறது!! பத்திரம்!!

நான்: அத்தை, அது பழைய வீடியோ. அக்டோபர், நவம்பரில்தான் இங்கே கொட்டும். அப்போது தூ போன் ஆறு தெருவுக்குள் வந்துவிடும். இது மார்ச். வெயில் காய்கிறது.

அத்தை: சரி சரி. எதற்கும் குடை வைத்துக்கொள்.

நான் (8.05): (படம்) லாங் கோ வந்தாயிற்று. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல். காயலில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் பழைய பைக் டயர். சிப்பி வளர்ப்பதற்காகப் போட்டிருக்கிறார்கள். டயரில் ஒட்டிக்கொண்டு வளருமாம்.

மாமா: எந்த அளவு டயர்?

அண்ணன்: மாமா, உங்கள் டயர் கடை ஞாபகத்தைக் கொஞ்சம் விடுங்கள்.

அம்மா: அடுத்தது மலைப்பாதையா? சுரங்கம் இருக்கிறது என்று அப்பா சொல்கிறார். அதில் போங்கள்.

அப்பா: ஹாய் வான் சுரங்கம். ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 2005இல் திறந்தார்கள். ஆனால் அதில் போனால் குழல் விளக்கைத் தவிர ஒன்றும் தெரியாது. மேலே போகச் சொல்.

அம்மா: உங்களை யார் கேட்டது?

நான்: மேலேதான் போகிறோம் அம்மா. காரும் பஸ்ஸும் சுரங்கத்துக்குப் போய்விடுவதால் இங்கே கூட்டம் குறைவு. சுரங்கத்துக்குள் விடாத பெட்ரோல் லாரியும் பைக்கும்தான் மிச்சம். லாரி ஏறி வரும் சத்தம் அடுத்த வளைவிலேயே கேட்டுவிடுகிறது. டிரைவர் ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் ஹாரன் அடிக்கிறார், நம் ஊர்க்காரர் மாதிரி.

நான் (9.20): (படம்) உச்சி! ஏறக்குறைய 500 மீட்டர். இந்தப் பக்கம் பளிச்சென்று வெயில், அந்தப் பக்கம் தா நாங் மேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது. செங்கல் வாசல் 1826இல் மின் மாங் அரசர் கட்டியது. பக்கத்திலேயே குண்டு துளைத்த பதுங்கு அறைகள், பிரெஞ்சுக்காரர் காலத்தவை. அதற்கு முன்னால் கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறது. மணப்பெண் கவுனுக்குக் கீழே ரப்பர் செருப்பு.

அத்தை: அது சரி, பத்து மணிக்கு வயிற்றுக்கு என்ன? சைவம் கிடைக்கிறதா?

நான்: ‘சாய்’ என்று போர்டு இருந்தால் சைவக் கடை அத்தை. அமாவாசை, பௌர்ணமிக்குப் பலர் கறி மீன் தொடமாட்டார்கள், அன்று அங்கே இடமே கிடைக்காது. மற்ற கடையில் வெறும் கீரை என்றாலும் மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள். நேற்று ஹூவேயில் உப்புக் காபி குடித்தேன். சிரிக்காதீர்கள், நன்றாகவே இருந்தது. மேலே உப்புப் போட்ட க்ரீம், அடியில் மில்க்மெய்ட்.

அம்மா: காபியில் உப்பா. இதற்கா விமானம் ஏறினாய்.

அண்ணன்: காசு பார்த்துக் கொடு. லட்சக்கணக்கில் நோட்டு.

நான்: ஒரு லட்சம் டாங் நம் காசில் முந்நூற்றுச் சொச்சம்தான். வம்பு அதிலில்லை. 20 ஆயிரமும் 5 லட்சமும் இரண்டுமே நீலம். ராத்திரி வெளிச்சத்தில் என் தோழி இளநீருக்கு 5 லட்சத்தை நீட்டிவிட்டாள். கடைக்காரப் பாட்டிதான் கையைத் தட்டித் திருப்பிக் கொடுத்தார்.

*ஞாயிற்றுக்கிழமை*

அப்பா (காலை 7.00): மீ சன் கோயிலுக்குப் போய்விட்டாயா?

நான்: உள்ளே நிற்கிறேன் அப்பா. சீக்கிரம் வந்தது நல்லதாயிற்று, பஸ் கூட்டம் இன்னும் வரவில்லை. செங்கல்லுக்கு நடுவே சாந்து இருப்பதே தெரியவில்லை. விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன், கோடு மட்டும்தான்.

அப்பா: அந்தப் பகுதியை ஆண்ட சாம் அரசர்கள் கட்டியது. பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனை அங்கே நாலாம் நூற்றாண்டிலேயே வைத்துவிட்டார்கள். 2020 மே மாதம் நம் தொல்லியல் துறையினர் சீரமைத்தபோது ஒரே மணற்கல்லில் செய்த லிங்கம் கிடைத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு. அதைப் பார்.

நான்: பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம், புல் முளைத்துக் கிடக்கிறது. குளமோ என்று நினைத்தேன். அமெரிக்கக் குண்டு விழுந்த இடமாம்.

அப்பா: 1969. இருந்ததிலேயே உயரமான கோபுரம் அதில்தான் போனது. ஆயிரம் வருடம் நின்றதை ஒரு வாரத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மாமா: இவருக்கு டிக்கெட் போட்டிருக்கலாம்.

நான் (இரவு 7.40): (வீடியோ) தா நாங் டிராகன் பாலம். வார இறுதியில் இரவு 9 மணிக்கு நெருப்பு கக்கும், அப்புறம் தண்ணீர். இங்கே மணி ஒன்பதைத் தாண்டியாயிற்று. நாங்கள் தலைப்பக்கம் நின்று நான்கு பேரும் தொப்பல்.

அம்மா: தலையைத் துவட்டு முதலில். நாளைக்கு எங்கே?

நான்: காலையில் சைகோனுக்கு விமானம்.

மாமா: சைகோனில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பென் தான் மார்க்கெட் பக்கம். அந்தக் காலத்தில் நம்மவர்கள் வியாபாரத்துக்குப் போய்க் கட்டியது. இப்போது வியட்நாம்காரர்கள்தான் ஊதுவத்தியோடு நிற்கிறார்கள்.

அம்மா: கட்டாயம் போ. அர்ச்சனை உண்டா என்று கேள். உன் நட்சத்திரம் தெரியும்தானே?

நான்: ...

அம்மா: பூரட்டாதி. எழுதி வைத்துக்கொள்.