கிரிக்கெட் கிளப் அடுத்த பத்து வருஷம் தாங்கணும்: கையில் 60,000, முதலில் எதைச் செய்யலாம்?

கோத்தகிரி மேட்

எங்களது கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்) டீம். லெதர் பால், சிமெண்ட் பிட்ச் மேல கயிற்று மேட். ஆடுறவங்க 19 பேர். அதில் பாதிப் பேருக்கு வேலை கோவை, திருப்பூரில், ஞாயிறு மட்டும்தான் மலை ஏறுவாங்க. மைதானம் வாய்வார்த்தையில் ஓடுது. எந்தப் பதிவும் கிடையாது, பணம் ஒருத்தரோட ஜிபேயில் கிடக்கு. பிட்ச்ல குறுக்கே ரெண்டு விரிசல், மேட் ஓரம் பிரிஞ்சு போச்சு. புது பிட்ச் போட்டுடலாம்னு பசங்க சொல்றாங்க. சரியா?

வரவு_செலவு

பிட்ச் இப்போ வேண்டாம். நிலம் யாருடையதுன்னு தெரியாம கான்கிரீட் கொட்டினா, நாளைக்கு வேலி போடுறவருக்கு இலவசமா தளம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிடும்.

சர்வே நம்பரை வச்சு அ-பதிவேட்டு (நிலம் யாருடையது, என்ன வகைன்னு சொல்ற வருவாய்த் துறைப் பதிவேடு) நகலும் புலப்பட வரைபடமும் (நிலத்தின் எல்லை வரைபடம்) எடுங்க. புறம்போக்கா, ஊர்ப் பொது நிலமா, பட்டாவா, எஸ்டேட் நிலமான்னு அதிலேயே தெரியும். (கூடலூர், பந்தலூர்க்காரங்க இதைப் படிச்சா: ஜென்ம நிலம்னா (பழைய ஜென்மிகளின் பரம்பரை உரிமை நிலம்) கதையே வேற, 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்திலிருந்து சிக்கல் தொடருது. அங்கே வக்கீல் இல்லாம கால் வைக்காதீங்க.) புறம்போக்குன்னா ஊராட்சித் தீர்மானம் மட்டும் போதும்னு நினைக்கறதுதான் வழக்கமான தப்பு. தீர்மானம் ஆதரவுதான், நிலம் வருவாய்த் துறையுடையது. தாசில்தார் வழியா மனு போகணும். எஸ்டேட் நிலம்னா மேனேஜர் கொடுக்கிற அனுமதிக் கடிதத்தில் எந்த நாட்கள், எத்தனை வருஷம், பந்து பட்டு ஏதாவது உடைஞ்சா யார் பொறுப்புங்கிற மூணும் இருக்கணும். மேனேஜர் மாறினதும் புதுசா கையெழுத்து வாங்கிடுங்க.

அடுத்தது பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைஞ்சது 7 பேர் வேணும், நிர்வாகக் குழுவில் 3 பேராவது இருக்கணும், குழுவின் பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல போகக்கூடாது. துணை விதியில் மூணு விஷயத்தை விட்டுடாதீங்க: கிளப் கலைஞ்சா மேட்டும் கிட்டும் யாருக்குப் போகும், சந்தா எத்தனை மாசம் நின்னா உறுப்பினர் நீங்குவார், வங்கியில் எந்த ரெண்டு பேர் கையெழுத்து. மூணாவது இல்லாத கிளப்புகள் பொருளாளர் வெளியூர் போற அன்னைக்கே முடங்கும். பதிவு ஆனதும் சங்கத்தின் பேரில் பான், அப்புறம் வங்கிக் கணக்கு. வருஷா வருஷம் பொதுக்கூட்டம், கணக்கு, உறுப்பினர் பட்டியல் பதிவாளருக்குப் போகணும். பதியறது சுலபம்தான், ரெண்டு வருஷம் தாக்கல் பண்ணாம விட்டுப் பிறகு அலையறதுதான் கொடுமை.

மைதானத்தை அகலப்படுத்த ஜேசிபி கூப்பிடற எண்ணம் இருந்தா நிறுத்துங்க, நீலகிரியில் அனுமதி இல்லாம மண் வெட்டினா வண்டியோட பறிமுதல் ஆகும். மரத்துக்கும் அப்படித்தான், மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கு.

தார்ப்பாய்

மேலே சொன்னது சரி. கணக்கும் போட்டுப் பார்த்துடுங்க. 72 அடி நீளம், 8 அடி அகலம், 4 அங்குல கனம்னா 192 கன அடி, அதாவது சுமார் 5.4 கன மீட்டர். 1:1½:3 கலவைக்கு (சிமெண்ட், மணல், ஜல்லி) சிமெண்ட் மட்டுமே 43, 44 மூட்டை. ஜல்லியும் எம்-சாண்டும் கீழேயிருந்து ஏறணும். 60,000 எங்கேயோ போயிடும்.

விரிசல் எப்படிப்பட்டது? நீளமான அலுமினியச் சட்டத்தை விரிசலுக்கு குறுக்கே வச்சுப் பாருங்க. அடியில் ஒரு ரூபாய் காசு நுழையுதா?

கோத்தகிரி மேட்

பார்த்தாச்சுங்க. ஒண்ணில் நுழையல. குட் லெங்த் (பந்து வழக்கமா குத்துற இடம்) பக்கம் இருக்கிறதில் நுழையுது, சரிவோட மேல்பக்கத்து கான்கிரீட் பலகை கொஞ்சம் தாழ்ந்திருக்கு.

தார்ப்பாய்

அப்போ ரெண்டுக்கும் ரெண்டு வைத்தியம். நுழையாததை ஓரம் வெட்டி, ஒரு அங்குல ஆழத்துக்கு வி வடிவக் காடியாக்கி, தூசி போகக் கழுவி, ஈரம் இருக்கும்போதே லேடெக்ஸ் (ஒட்டுத் திரவம்) கலந்த 1:3 சிமெண்ட்-மணல் சாந்து அடைங்க. மேல ஈரச் சாக்கு, 7 நாள்.

தாழ்ந்ததைப் பூசி மட்டம் பண்ணாதீங்க, ஓரம் மெலிசா இருக்கிறதால மூணு மேட்ச்சில் பெயரும். அந்தப் பலகையை மட்டும் உடைச்சு, அடியில் மண்ணை இடிச்சு, 6 அங்குலம் 40 எம்எம் ஜல்லி போட்டுத் திரும்ப வார்க்கணும். ஆனா அதுக்கும் முன்னாடி சரிவோட மேல்பக்கம் ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி ஜல்லி நிரப்புங்க. சரிவில் வர்ற தண்ணி பலகைக்கு அடியில் புகுந்துதான் அந்த மண் அமுங்கியிருக்கும். வாய்க்கால் இல்லாம பலகை மாத்தினா அடுத்த நவம்பரில் அதே விரிசல்.

புதுசா வார்க்கிற பலகையின் பக்கவாட்டில், மேல்மட்டத்துக்கு ரெண்டு அங்குலம் கீழே, மேட்டை இழுத்துக் கட்ட 10 எம்எம் கம்பிக் கொக்கி விட்டுடுங்க. மத்த இடத்தில் 3 அடிக்கு ஒரு ஆணி (முழு நீளத்துக்கும் போட்டா ஒரு பக்கத்துக்கு 25). மழையில் இளகின மண்ணில் ஆணி நிக்காது, மேட் தளர்ந்து மடிப்பு விழும். மடிப்பில் பட்ட பந்து ஒண்ணு உருளும், ஒண்ணு முகத்துக்கு வரும். ஸ்பைக் ஷூவுக்கு தடை போடுங்க, ஓரம் பிரிய அதுவும் ஒரு காரணம். நனைஞ்ச மேட்டை சுருட்டி வைக்கவே கூடாது. ரெண்டு பைப் மேல கூரைக்கடியில் தொங்க விடுங்க. மூடுபனி நாளில் காய மூணு நாள் ஆகும், ஆகட்டும்.

குன்னூர் கீப்பர்

யாரும் ஆளைப் பத்திப் பேசல. 19 பேரில் பாதி ஞாயிற்றுக்கிழமை ஆள்னா, ரெண்டு கல்யாணம் ஒரே நாளில் வந்தா மேட்ச் இல்லை. பள்ளிப் பசங்களுக்கு சனிக்கிழமை காலை ஒண்ணரை மணி நேரம் ஒதுக்குங்க. 13 வயசுக்குக் கீழே 133 முதல் 144 கிராம் எடையுள்ள சின்ன பால், பிட்ச் 18 கஜம் வச்சாப் போதும். பெரிய பாலைக் கொடுத்தா கை வலிச்சு ஒரு மாசத்தில் நின்னுடுவாங்க. ஹெல்மெட் இல்லாம லெதர் பால் வேண்டாம். முதல் நாலு வாரம் டென்னிஸ் பால் போதும். பொண்ணுங்களையும் சேருங்க, அதே பால், அதே நேரம்.

மேட்ச்களை ஜனவரி நடுவிலிருந்து மே வரைக்கும் அடுக்குங்க. உங்களுக்கும் எங்களுக்கும் பெரிய மழை அக்டோபர், நவம்பர். ஜூன்ல இருந்து கூடலூர் தாண்டி தேவாலா பக்கம் மழை கொட்டும்போது அந்த டீம்களை உங்க ஊருக்கு அழைக்கலாம். காலை 8:30-க்கு டாஸ். மதியம் மூணு மணிக்கு மூடுபனி இறங்கினா ஸ்லிப்பில் நிக்கிறவனுக்கு பந்தே தெரியாது.

சந்தாவை பச்சைத் தேயிலை விற்ற பணம் கைக்கு வர்ற வாரத்தில் கேளுங்க, மாசக் கடைசியில் கேட்டா சாக்குதான் வரும். ஆளுக்கு மாசம் 200-ன்னா 19 பேருக்கு வருஷம் 45,600. வெளியூர்க்காரங்ககிட்ட ஆறு மாசத்துக்கு மொத்தமா வாங்கிடுங்க. பள்ளிப் பசங்களுக்கு வேண்டாம்.

அப்புறம் சரிவுப் பக்கம் வலை கட்டுங்க. தேயிலைச் செடிக்குள்ள போன பந்து அரை மணி நேரம் தின்னும், இலை எடுக்கிறவங்க வாயிலும் விழ வேண்டியிருக்கும். பழைய ஜிஐ பைப் நாலு, நைலான் வலை, 15 அடி உயரம். பைப்பை இரண்டரை அடி ஆழத்தில் கான்கிரீட்ல நிறுத்துங்க, ஆடிக் காத்து சும்மா விடாது.

கோத்தகிரி மேட்

திங்கட்கிழமை அ-பதிவேடு. வாய்க்காலை இந்த ஞாயிறே வெட்டிடறோம், மண்வெட்டி ஆறு இருக்கு.

வரவு_செலவு

மைதானத்துக்குள்ளேயே வெட்டுங்க. வாய்க்கால் எந்த சர்வே நம்பர்ல முடியுதுன்னு வரைபடத்தைப் பார்த்துட்டு வெட்டுங்க.