டின்பால்

வாட்ஸ்அப் குழு: பழைய லயத்து வீடு (சுங்கை சிப்புட், மலேசியா)
செவ்வாய்க்கிழமை

தேவி, இரவு 8:12
இன்று கிளினிக்கில் கவினுக்கு எடை போட்டார்கள். 13 மாதம் முடிந்துவிட்டது, 7.6 கிலோதான். புத்தகத்தில் கோடு கீழே இறங்கிவிட்டது. மேற்கையில் ஒரு நாடா சுற்றிப் பார்த்தார்கள், மஞ்சளில் வந்து நின்றது. வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் இரண்டு தடவை வயிற்றால் போனது, அதிலிருந்து எதைக் கொடுத்தாலும் தள்ளிவிடுகிறான். வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது.

மணியம் மாமா, 8:15
வயிறு இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை. ராத்திரி டின்பால், அந்த இனிப்புக் கெட்டிப் பால்தான், இரண்டு கரண்டி வெந்நீரில் கலக்கிக் கொடு. நாங்கள் எல்லாரும் டின்பாலும் மேரி பிஸ்கட்டும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான்.

சரசு அத்தை, 8:16
ஆமாம் தேவி, இரும்பு டானிக்கும் ஒன்று வாங்கிக் கொடு. பசி எடுக்கும்.

கோகிலா, 8:31
டூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். தேவி, டின்பால் வேண்டாம். மாமா, கோபப்படாதீர்கள், உங்கள் வீட்டு டின்னை எடுத்து லேபிளைப் படியுங்கள்.

மணியம் மாமா, 8:38
கண்ணாடி தேட வேண்டியதாகிவிட்டது. கிரிமர் என்று போட்டிருக்கிறது. சீனி, செம்பனை எண்ணெய். கீழே பொடி எழுத்தில் கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல என்று. இத்தனை வருஷம் பால் என்று நினைத்துத்தான் குடித்தேன்.

குமரன், 8:39
நாம் உரம் போட்டு வளர்த்த செம்பனைதான் மாமா 😄

கோகிலா, 8:52
நிஜப் பாலில் செய்த டின்பாலிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சீனிதான். தண்ணீர் கலக்கிக் கொடுத்தால் வயிறு ரொம்பும், பிள்ளையும் அழாமல் தூங்கும், ஆனால் புரதம் ரொம்பக் குறைவாகத்தான் போய்ச் சேரும். தேவி சொன்னதற்கு வருகிறேன். திரும்பத் திரும்ப வயிற்றால் போகிற பிள்ளைக்கும், அழுக்குத் தண்ணீரும் கிருமியும் சுற்றியிருக்கிற இடத்தில் வளர்கிற பிள்ளைக்கும் குடலின் உள்சுவர் தேய்ந்துபோகும். அந்தச் சுவர் கம்பளித் துணி மாதிரி, விரல் விரலாகப் பொடி நீட்டங்கள் நிறைந்து இருக்க வேண்டும், சாப்பாட்டை உறிஞ்சுவது அதுதான். சத்து இல்லாமலும் கிருமியாலும் அது மழுங்கிவிடுகிறது. சாப்பிட்டதும் ஒட்டாது, சுவரும் ஓட்டையாகிக் கிருமிகளின் கழிவு ரத்தத்தில் கசியும். குடலிலிருந்து வருகிற ரத்தம் முதலில் போய் நிற்கிற இடம் கல்லீரல். அதனால்தான் வயிறு கெட்ட பிள்ளைக்குக் கல்லீரலும் சேர்ந்து அடி வாங்குகிறது.

சரசு அத்தை, 8:55
கல்லீரல் என்றால் குடிக்கிறவர்களுக்குத்தானே கெடும்?

கோகிலா, 9:01
குடிக்காமலும் கெடும் அத்தை. கல்லீரலில் சேர்கிற கொழுப்பை வெளியே ஏற்றி அனுப்ப லாரி மாதிரி ஒரு புரதம் வேண்டும். சாப்பாட்டில் புரதமே இல்லையென்றால் கல்லீரல் அந்த லாரியைச் செய்வது குறைந்துவிடும், கொழுப்பு உள்ளேயே தேங்கும். சத்தில்லாமல் உடம்பு வீங்குகிற பிள்ளைகளின் கல்லீரலில் இப்படிக் கொழுப்பு நிறைந்து கிடக்கும். வெளியே எலும்பும் தோலுமாக, உள்ளே கொழுப்பு ஏறிய கல்லீரலாக இருக்கிற பிள்ளைகளும் உண்டு.

குமரன், 9:10
பாட்டி போனை விடமாட்டேன் என்கிறார். பேசப் பேச நான் தட்டுகிறேன், வாய்ஸ் அனுப்பினால் மாமா கேட்கமாட்டார்.

பாட்டி (குமரன் தட்டியது), 9:22
என் தம்பி ஒருவன் இருந்தான், உங்களுக்குத் தெரியாது. எனக்கு 8 வயது, அவனுக்கு இரண்டு. அம்மாவுக்கு அடுத்த பிள்ளை பிறந்தது, இவனுக்குத் தாய்ப்பால் நின்றுபோனது. காலையில் இருட்டோடு அம்மா ரப்பர் பால்மரம் சீவப் போய்விடுவாள், இவன் ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகையில் கிடப்பான், டின்பால் தண்ணீரும் பிஸ்கட்டும்தான். கொஞ்ச நாளில் முகம் உப்பியது, கால் உப்பியது, எல்லாரும் பிள்ளை தேறிவிட்டான் என்றார்கள். முடி மட்டும் செம்பட்டையாகி, பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. என் ஆத்தா அவன் புறங்காலைக் கட்டைவிரலால் அமுக்கினாள், எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது, மாவில் அமுக்கினது மாதிரி. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். மழை முடிகிற வரைக்கும் பிள்ளை தாங்கவில்லை. அந்தக் குழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மணியம் மாமா, 9:25
இதை ஏன் அம்மா இவ்வளவு நாள் சொல்லவில்லை

பாட்டி (குமரன் தட்டியது), 9:26
யார் கேட்டீர்கள்.

கோகிலா, 9:40
பாட்டி சொன்னதற்குப் பெயரே இருக்கிறது, குவாஷியோர்கர். கானாவில் கா மொழி பேசுகிறவர்களின் சொல். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாயிடமிருந்து தள்ளப்படுகிற பிள்ளைக்கு வருகிற நோய் என்று பொருள். பாட்டி சொன்ன கதை அந்த ஒரு சொல்லுக்குள் அப்படியே இருக்கிறது, படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா, ஜமைக்காவில் பிறந்தவர், கானாவில் வேலை பார்த்தபோது 1933-இல் இந்த நோயைப் பற்றி எழுதினார். அப்புறம் அவரை எங்கே மாற்றினார்கள் தெரியுமா? நம் மலாயாவுக்குத்தான், 1936-இல். இங்கே பிள்ளைகளுக்கு டின்பால் கொடுத்துச் சாகடிப்பதைப் பார்த்துவிட்டு, 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். பிள்ளைக்கு ஆகாத பாலை நல்லது என்று சொல்லி விற்பதைக் கொலை என்றே எண்ண வேண்டும் என்றார். அப்புறம் ஜப்பான்காரன் அவரைச் சாங்கி சிறையில் போட்டான்.

மணியம் மாமா, 9:44
சரி சரி, அது அந்தக் காலம். இப்போது நாட்டில் யார் பட்டினி கிடக்கிறார்கள்? பசார் மாலாமில், ராத்திரிச் சந்தையில் போய்ப் பார், ஆளுக்கு இரண்டு பொட்டலம்.

கோகிலா, 9:53
2019 சுகாதார ஆய்வில் மலேசியாவில் 5 வயதுக்குக் கீழே 21.8 சதவீதம் பிள்ளைகள் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. ஐந்தில் ஒன்று. பட்டினி இல்லை மாமா, வயிறு ரொம்புகிறது, சத்து இல்லை. சோறும் சோயா சாஸும், மைலோ, பாக்கெட் மீ. இன்னொன்றும் உண்டு. சின்னதில் சத்தில்லாமல் இருந்த உடம்பு, பிற்பாடு சீனியும் எண்ணெயும் நிறையக் கிடைத்தால் அதைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கப் பார்க்கும். சீனாவில் 1959–61 பஞ்சத்தின்போது கருவிலும் சிறு பிள்ளையாகவும் இருந்தவர்களை வயதான பிறகு ஸ்கேன் செய்து பார்த்தார்கள், கல்லீரலில் கொழுப்பு கூடுதலாக இருந்தது, அதுவும் பெண்களிடம்.

மணியம் மாமா, 10:02
போன மாதம் என் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. நான் பீர் தொட்டதில்லை, 58 கிலோதான் இருக்கிறேன்.

சரசு அத்தை, 10:02
என்னிடம்கூடச் சொல்லவில்லையா!!

கோகிலா, 10:06
உங்களுக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது மாமா. தினமும் டின்பால் ஊற்றிய டீ, தே தாரிக், மூன்று குடிக்கிறீர்களே, அதையும் கணக்கில் சேருங்கள்.

தேவி, 10:09
அக்கா எனக்குப் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

கோகிலா, 10:21
பயப்படாதே, மஞ்சள் என்றால் பிடித்து இழுத்துவிடலாம். நாடா 11.5 செண்டிமீட்டருக்குக் கீழே போனால்தான் சிவப்பு. அந்த நிலைக்குப் போன பிள்ளைக்கு, கால் வீங்கிய பிள்ளைக்கு, வீட்டில் எதையும் திணிக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் முதலில் அளவாக ஒரு பால்தான் கொடுப்பார்கள், இரும்பு மருந்துகூட எடை ஏற ஆரம்பித்த பிறகுதான். அதனால் டானிக்கையும் டாக்டர் சொல்லட்டும் அத்தை. நீ தாய்ப்பாலை நிறுத்தாதே. ஒரு வேளைக்கு முட்டை, ஒரு வேளைக்குக் குழைந்த பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய். நெத்திலியை ஊறவைத்து உப்பைக் கழுவி, வறுத்துப் பொடி செய். தெம்பேயை, அந்தப் புளித்த சோயாக் கட்டியை, வேகவைத்து மசி. பங்களாதேஷில், டாக்கா மிர்பூர் குடிசைப் பகுதியில், கொண்டைக்கடலை, வேர்க்கடலை, சோயா, வாழைக்காய் அரைத்துச் செய்த ஒரு மாவை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமாகக் கொடுக்கிற சத்து உணவைவிட அதில் கலோரி குறைவு, ஆனாலும் பிள்ளைகள் நன்றாக எடை போட்டார்கள். குடலில் இருக்கிற நல்ல கிருமிகளுக்கும் சேர்த்துச் சோறு போட்ட மாதிரி. 2021-இல் வெளிவந்தது. எல்லாம் நம் கடையில் கிடைக்கிற சாமான்தான், ஆனால் மாவாக அரைத்துக் கொடு, முழுக் கடலை தொண்டையில் சிக்கும்.

பாட்டி (குமரன் தட்டியது), 10:24
தேவி, பிள்ளையின் காலை அமுக்கிப் பார். இரண்டு காலும். மெதுவாக, மூன்று எண்ணும் வரைக்கும்.

தேவி, 10:31
தூங்குகிறான் பாட்டி, தூக்கத்திலேயே பார்த்துவிட்டேன். குழி விழவில்லை. இரண்டு காலிலும் இல்லை.

பாட்டி (குமரன் தட்டியது), 10:32
நாளைக்கும் பார்.

மணியம் மாமா, 10:36
வியாழக்கிழமை பஸ்ஸுக்கு நிற்காதே, 7:30-க்குக் காரோடு வாசலில் இருப்பேன். பக்கத்து வீட்டில் கம்பத்துக் கோழி முட்டை சொல்லி வைத்திருக்கிறேன், பத்து.

புதன்கிழமை

குமரன், காலை 7:05
மாமா, கடையில் இருக்கிறேன், தே தாரிக் சொல்லட்டுமா?

மணியம் மாமா, 7:06
தே ஓ கோசோங். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம்.

சரசு அத்தை, 7:06
ரொட்டி சானாய் எத்தனை என்று கேள் குமரா.

மணியம் மாமா, 7:09
ஒன்றுதான்லா.