சனிக்கிழமைக்கு எத்தனை கார்ட்டன்?

குழு: மன்னார்குடி டு சிங்கை
புதன், இரவு 8:12

செந்தில்: எல்லாரும் கொஞ்சம் பாருங்க. சனிக்கிழமை காலைல 9 மணி ராகு காலத்துக்கு முன்னாடி புது வீட்ல பால் காய்ச்சிடுறோம். சாயங்காலம் 6.30க்கு சாப்பாடு. மொத்தம் 22 பேர், பீர் குடிக்கிறவங்க 9 பேர். எது வாங்குறது, எங்க வாங்குறதுன்னு இன்னைக்கே சொல்லிடுங்க.

பிரபு: அண்ணா ஜோகூர் 👍

பிரபு: வெள்ளி ராத்திரி நான் கார்ல போறேன். ரெண்டு கார்ட்டன் தூக்கிட்டு வந்துடுறேன்

லதா அக்கா: காலைல சாமி படம் வச்சுப் பால் காய்ச்சிட்டு சாயங்காலம் அதே வீட்ல பீரா

செந்தில்: ஹால்ல இல்லக்கா. கிச்சனுக்குப் பின்னாடி சர்வீஸ் யார்டுல.

லதா அக்கா: பெரியம்மா இந்தக் குரூப்லதான் இருக்காங்க. ஞாபகம் இருக்கட்டும்

குமார் மாமா: பிரபு, ஜோகூர் வேணாம்ப்பா. மலேசியாலேர்ந்து வர்றவங்களுக்கு இங்க மதுவுக்கு வரிச்சலுகையே கிடையாது. ஒரு டின்னுக்குக் கூடக் கிடையாது. லங்காவி டியூட்டி ஃப்ரீல வாங்கினாலும் அதே கதைதான், அதுவும் மலேசியாதானே. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடில சிவப்பு வழில போய்ச் சொல்லி முதல் டின்லேர்ந்து வரி கட்டணும். சொல்லாம வந்து மாட்டினா ஏய்ச்ச வரியைப்போல 20 மடங்கு வரைக்கும் அபராதம், ஜெயிலும் உண்டு. அங்க மட்டும் பீர் சும்மாவா கிடைக்குது? ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 175 ரிங்கிட்னு 2016லயே வரியை ஏத்திட்டாங்க. அந்த வரியும் கட்டி இந்த வரியும் கட்டினா ஈஷூன் கடைல வாங்குறதை விட ஜாஸ்தியாத்தான் வரும்.

பிரபு: எல்லாரும் கொண்டு வர்றாங்களே மாமா

குமார் மாமா: மாட்டினவன் யாரும் குரூப்ல வந்து சொல்ல மாட்டான்.

முத்து சித்தப்பா: பேரன்ஸ் ஸ்ட்ராங் பீர் வாங்குங்க. நாலு குடிக்கிற இடத்துல ரெண்டு போதும்

லதா அக்கா: சித்தப்பா பிரியா நிச்சயதார்த்தத்துல நீங்க பாடினது இன்னும் வீடியோவா இருக்கு

முத்து சித்தப்பா: நல்லாத்தானே பாடினேன்

ராஜேஷ்: மாமா நான் நாளைக்கு ராத்திரி திருச்சிலேர்ந்து ஏறுறேன். சாங்கில இறங்கினதும் டியூட்டி ஃப்ரீல பீர் எடுத்துக்கவா?

குமார் மாமா: ராஜேஷ், உங்களுக்குச் சலுகை உண்டு. 18 வயசு ஆகியிருக்கணும், 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளிய இருந்திருக்கணும், மலேசியாலேர்ந்து வரக் கூடாது. மூணும் உங்களுக்குச் சரியா இருக்கு. ஆனா பீர் எடுத்தா அந்தச் சலுகை வீண். 2 லிட்டர்தான் விடுவாங்க, அதாவது 330 மில்லி டின் ஆறு. இங்க பீருக்கு எக்சைஸ், அதாவது கலால் வரி, ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2 லிட்டர் 5 சதவீத பீர்ல ஆல்கஹால் 100 மில்லி. உங்களுக்கு மிச்சமாகுறது 6 வெள்ளி. அதே நேரத்துல விஸ்கி, பிராந்திக்கு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 40 சதவீதச் சரக்கு ஒரு லிட்டர்னா 35 வெள்ளி 20 காசு மிச்சம். 1 லிட்டர் விஸ்கியும் 1 லிட்டர் பீரும் எடுத்துக்கலாம், இல்லன்னா விஸ்கியும் வைனும். ரெண்டு லிட்டரும் பீராவே எடுக்குறதுதான் இருக்கிறதுலயே நஷ்டமான கணக்கு. அப்புறம், இது உங்க சொந்த உபயோகத்துக்குத்தான். யார்கிட்டயும் காசு வாங்கிட்டுக் கொடுக்காதீங்க.

ராஜேஷ்: சரி மாமா. அப்ப ஒரு லிட்டர் விஸ்கி

முத்து சித்தப்பா: மாப்பிள்ளைன்னா இவர்தான் மாப்பிள்ளை

லதா அக்கா: பிரியாணி யார் சொல்றது? மூணு கிலோ அரிசி போதுமா

கவிதா அண்ணி: நாலு பேர் சைவம். மூணு கிலோ மட்டனே தாராளம் அண்ணி. சைவத்துக்குத் தனியா தக்காளி சோறு நானே பண்ணிடுறேன்.

லதா அக்கா: அன்னைக்கு நீ எங்க பண்ணுவ? வீடு மாத்துற நாள் வேற

செந்தில்: (3 படங்கள்)

செந்தில்: மாமா, ஆன்லைன்ல பார்த்தேன். 1) டைகர் 24 டின், 320 மில்லி, 54 வெள்ளி. 2) அதே டைகர், வியட்நாம்னு போட்டிருக்கு, 24 டின், 330 மில்லி, 43 வெள்ளி. 3) ஜெர்மன் பீர் ஒண்ணு, 24 டின், 500 மில்லி, 72 வெள்ளி. எது?

பிரபு: 2

முத்து சித்தப்பா: உள்ளூர்ச் சரக்கு எப்படி வெளிநாட்டுச் சரக்கை விட விலை ஜாஸ்தி? ஏதோ ஏமாத்து

குமார் மாமா: ஏமாத்து இல்ல மச்சான். இங்க வரி, பீர் எந்த ஊர்லேர்ந்து வந்துச்சுன்னு பார்க்குறதில்ல, உள்ள எவ்வளவு ஆல்கஹால் இருக்குன்னுதான் பார்க்குது. முதல் கார்ட்டனை எடுத்துக்குங்க. 24 × 320 = 7.68 லிட்டர். அதுல 5 சதவீதம் 0.384. அறுபதால பெருக்கினா 23 வெள்ளி 4 காசு. மூணாவதுல 12 லிட்டர், ஆல்கஹால் 0.6, வரி 36 வெள்ளி. 72ல சரிபாதி வரிக்கே போயிடுது. மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி, அந்த வரிக்கும் சேர்த்து. இறக்குமதின்னா லிட்டர் ஆல்கஹாலுக்குக் கூட ஒரு 16 வெள்ளி சுங்கம் இருக்கு, ஆனா ஒப்பந்தம் போட்ட நாட்டுச் சரக்குக்குச் சான்றிதழ் காட்டினா அது கிடையாது. ஜெர்மனியும் வியட்நாமும் அப்படித்தான் இந்த விலைக்கு முடியுது. கார்ட்டன் விலையைப் பார்க்காதீங்க, லிட்டர் விலையைப் பாருங்க. முதலாவது லிட்டர் 7.03, ரெண்டாவது 5.43, மூணாவது 6 வெள்ளி.

குமார் மாமா: இன்னொண்ணும் சொல்லிடுறேன். 5 சதவீத பீர், 320 மில்லி 24 டின் கார்ட்டனுக்கு எக்சைஸும் அதுமேல ஜிஎஸ்டியும் மட்டுமே 25 வெள்ளி 11 காசு. டெலிகிராம்ல யாராவது 20க்குத் தர்றேன், 25க்குத் தர்றேன்னா அது வரி கட்டாத சரக்கு. வாங்குறவனுக்கும் கேஸ் உண்டு. பிரபு, உனக்குத்தான் சொல்றேன்.

பிரபு: நான் ஒண்ணும் சொல்லலியே

லதா அக்கா: மாமா டைப் பண்றப்போ போன் சூடாயிடுமோ

செந்தில்: அப்ப 2 தானே மாமா?

குமார் மாமா: அவசரப்படாத. ரெண்டாவது, வேற நாட்டு ஆலைல அந்த நாட்டுச் சந்தைக்குன்னு போட்டது. வேற கம்பெனிக்காரர் நேரா எடுத்துட்டு வந்து விக்கிறார். சட்டப்படி சரிதான், பீரும் நல்ல பீர்தான். தேதிலதான் மாட்டிக்குவோம். அங்க குடோன், கப்பல், இங்க குடோன்னு மாறி மாறி வர்றதுக்குள்ள பாதி ஆயுசு போயிடும். டின் அடியைப் பாரு: என்எஸ்எக்ஸ்னு போட்டிருந்தா தயாரிச்ச தேதி, எச்எஸ்டின்னா காலாவதித் தேதி. தேதிக்கு இன்னும் மூணு மாசமாவது இருந்தா வாங்கு. அதுக்குள்ள முடியுதுன்னா அஞ்சு வெள்ளி கம்மியா இருந்தாலும் விட்டுடு. குடோன்ல ஏசி இல்லாம கிடந்த பீர் நனைஞ்ச அட்டை வாசனை அடிக்கும். எவ்வளவு ஐஸ் போட்டாலும் அது போகாது. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட டின் அடிப்பக்கம் ஒரு படம் கேளு. தர மாட்டேன்னா வேற கடை.

செந்தில்: ஓகே கேக்குறேன்

முத்து சித்தப்பா: கார்ல்ஸ்பெர்க்? அது அசல் வெளிநாடு

குமார் மாமா: இங்க விக்கிற கார்ல்ஸ்பெர்க் மலேசியாலதான் காய்ச்சுறாங்க மச்சான். டின்னுல பேர் எந்த ஊர்னு பார்க்கக் கூடாது, பொடி எழுத்துல எங்க காய்ச்சினதுன்னு போட்டிருக்கும், அதைத்தான் பார்க்கணும்.

கவிதா அண்ணி: சித்தப்பா, மாமா, ஃபிரிட்ஜ் சனிக்கிழமை மத்தியானம்தான் வருது. அதுல பீர் வைக்க இடம் இல்ல, தயிரும் பாலும் வைக்கவே பத்தாது.

பிரபு: ஃப்ரீசர்ல அரை மணி நேரம் போட்டா முடிஞ்சது அண்ணி

குமார் மாமா: புது ஃப்ரீசர்ல போட்டு மறந்தா அவ்வளவுதான். மைனஸ் ரெண்டு, மூணு டிகிரில பீர் உறைய ஆரம்பிச்சு விரியும், மூடி தைச்ச இடத்துல டின் விட்டுடும். கவிதா, நீ ஃபிரிட்ஜைத் தொடவே வேணாம். ஐஸ்பெட்டில பண்ணிடலாம். 10 கிலோ ஐஸ், அது மிதக்குற அளவுக்குத் தண்ணி, ரெண்டு கைப்பிடி கல் உப்பு. தண்ணி கட்டாயம் வேணும். வெறும் ஐஸ்ல டின்னைச் சொருகினா நடுவுல காத்துதான் இருக்கும், ஒரு பக்கம் ஜில்லுன்னும் மறுபக்கம் வெதுவெதுன்னும் வரும். ஐஸ்தண்ணில முழுகியிருந்தா இருபது நிமிஷத்துல ரெடி. எல்லாத்தையும் ஒரேயடியா கொட்டாதீங்க. முதல்ல 18 டின். அது எடுக்க எடுக்க மீதியைப் போடுங்க, அப்பத்தான் ஐஸ் நிக்கும். பெட்டியை சர்வீஸ் யார்டு வடிகால்கிட்ட வைங்க, வெளிப்பக்கம் வேர்த்து ஊத்தும். மீதி கார்ட்டன் வெயில் படாத இடத்துல இருக்கணும்.

கவிதா அண்ணி: உப்பு புது ஜாடில இருந்து எடுக்க மாட்டேன். அது காலைல சாமிக்கு வைக்கிறது.

லதா அக்கா: கரெக்ட் கவிதா

செந்தில்: ஐஸ்பெட்டி யார்கிட்ட இருக்கு?

பிரபு: சித்தப்பா வீட்ல. நம்மளோடதுதான் அது

முத்து சித்தப்பா: நம்மளோடது இல்ல, நான் வாங்கினது

லதா அக்கா: பிரியா நிச்சயத்துக்கு எல்லாரும் பங்கு போட்டு வாங்கினது. அந்தக் கணக்குல மாமாவுக்கு 38 வெள்ளி இன்னும் வரணும்

முத்து சித்தப்பா: அது பேநவ்ல பணம் அனுப்பிட்டேனே

குமார் மாமா: அதை விடு லதா. எத்தனை டின்னுன்னு முடிவு பண்ணுவோம். 6.30லேர்ந்து 9.30 வரை. இந்தப் புழுக்கத்துல முதல் மணி நேரம் ஆளுக்கு ரெண்டு, அப்புறம் மணிக்கு ஒண்ணு. ஒம்பது பேர், நாலு நாலுன்னு 36. ரெண்டு கார்ட்டன்னா 48, போதும். ஜெர்மன் அரை லிட்டர் டின் வேணாம். லிட்டர் கணக்குல நல்ல விலைதான், ஆனா இங்க இருக்கிற சூட்டுக்கு டின்னோட கீழ்ப்பாதி சுட்டுப்போய் அப்படியே மேஜைல நிக்கும். பத்து டின்னுல பாதிப் பாதி கொட்டினா விலை மிச்சம் எங்க இருக்கு? சின்ன டின்தான் நமக்குச் சரி.

முத்து சித்தப்பா: பேரன்ஸ் ஆறு மட்டுமாவது

குமார் மாமா: மச்சான், அது 8.8 சதவீதம். அரை லிட்டர் டின்னுல 44 மில்லி ஆல்கஹால். சின்ன டைகர்ல 16. ஒரு டின் குடிச்சா ரெண்டே முக்கால் டைகர். ஒரு டின்னுதானேன்னு கணக்குப் பண்ணி ரெண்டாவதை எடுக்குறப்போதான் தப்பாகுது. வரியும் ஒரு டின்னுக்கு 2 வெள்ளி 64 காசு, அதனால மலிவும் இல்ல.

லதா அக்கா: பாட்டும் வரும்

முத்து சித்தப்பா: சரி சரி. 9.30க்கு மேல கீழ வெற்றுத்தளத்துல உக்காந்து பேசலாம், மேல பொண்ணுங்க இருக்கட்டும்

குமார் மாமா: அங்க கைல டின் இருக்கக் கூடாது. ராத்திரி 10.30லேர்ந்து காலை 7 வரை பொது இடத்துல குடிக்கத் தடை, புளோக் கீழ வெற்றுத்தளமும் பொது இடம்தான். ஆயிரம் வெள்ளி வரை அபராதம். 2015 ஏப்ரல்லேர்ந்து சட்டம். கடைலயும் 10.30க்கு மேல பார்சல் கிடையாது, அதனால தீர்ந்துட்டா ஓடிப்போய் வாங்கலாம்னு நினைக்காதீங்க. தேக்கா, லிட்டில் இந்தியா பக்கம் வார இறுதில இன்னும் கடுமை, சனி காலைலேர்ந்து திங்கள் காலை வரைக்கும் தெருவுல தொடவே கூடாது. வீட்டுக்குள்ள எந்தத் தடையும் இல்ல. பேசுறதை சர்வீஸ் யார்டுலயே பேசலாம்.

முத்து சித்தப்பா: சர்வீஸ் யார்டுல ஒம்பது பேர் நிக்க முடியாது

செந்தில்: உண்மைதான் மாமா, வாஷிங் மெஷினும் அங்கதான்

கவிதா அண்ணி: ஹால்ல வேணாம் 🙏

பெரியம்மா: (குரல் பதிவு 0:41)

பிரபு: போச்சு

செந்தில்: அக்கா நீ கேளு, நான் எம்ஆர்டி ரயில்ல இருக்கேன்

லதா அக்கா: பால் பாத்திரம் புதுசா, பித்தளையா இருக்கணுமாம். ஸ்டவ் எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு போட்டோ அனுப்பச் சொல்றாங்க. மத்ததை செந்தில்கிட்ட போன்ல பேசிக்கிறாங்களாம்

செந்தில்: மத்ததுன்னா?

லதா அக்கா: நீயே கேட்டுக்கோ

ராஜேஷ்: பித்தளைப் பாத்திரம் ஊர்லேர்ந்து நான் வாங்கிட்டு வரவா? பெட்டில இடம் இருக்கு

கவிதா அண்ணி: ஆமா தம்பி, ஒரு லிட்டர் பிடிக்கிறது போதும். அம்மாகிட்ட கேட்டு வாங்கு, ஈயம் பூசினதா பாரு.

குமார் மாமா: செந்தில், கார் ஓட்டிட்டு வர்றவங்க யாரு யாருன்னு கேட்டு வை. மூச்சுல 100 மில்லிக்கு 35 மைக்ரோகிராம்தான் வரம்பு, ரெண்டு டின் உள்ள போச்சுன்னா சாவியைத் தொடக் கூடாது. அவங்களுக்கு ஆல்கஹால் இல்லாத பீர் ஆறு டின் வாங்கிடு, ஐஸ்பெட்டில வேற மூலைல போடு, இருட்டுல மாறிப்போயிடும். காலி டின்னை யாரும் நசுக்காதீங்க. டெபாசிட் குறி இருக்கிற டின்னுக்கு 10 காசு திரும்பக் கிடைக்கும், ஆனா பட்டைக்கோடு மெஷினுக்குத் தெரியணும். 48 டின்னுக்கு 4 வெள்ளி 80.

லதா அக்கா: அந்தக் காசு உண்டியல்ல

முத்து சித்தப்பா: பிரபு காரை வச்சுட்டு எம்ஆர்டில வரட்டும். ஐஸ்பெட்டியை நான் எப்படித் தூக்கிட்டு வர்றது?

பிரபு: நான் கார்ல வந்தாத்தானே பெட்டி வரும் சித்தப்பா

செந்தில்: கடைக்காரர் டின் அடிப் படம் அனுப்பிட்டார் மாமா. (படம்) எச்எஸ்டிக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. 43 வெள்ளி, ரெண்டு கார்ட்டன் 86. டெலிவரி வெள்ளி சாயங்காலம்.

குமார் மாமா: நல்லா இருக்கு. எடு. வாங்கினதும் ஒரு டின்னைத் திறந்து குடிச்சுப் பார்த்துட்டு மீதியை இறக்கு. வாசனை சரியில்லன்னா ரெண்டாவது கார்ட்டனைப் பிரிக்காம அப்பவே திருப்பிக் கொடுத்துடலாம்.

பிரபு: 86ஐ ஒம்பதால வகுத்தா ஒம்பதரை வெள்ளி. எல்லாரும் அண்ணாவுக்கு பேநவ் பண்ணுங்க

லதா அக்கா: எங்க வீட்ல அவர் அன்னைக்கு விரதம். எட்டால வகு

பிரபு: அப்ப 10.75

முத்து சித்தப்பா: பெட்டி கொண்டு வர்றவங்களுக்கும் பங்கா

செந்தில்: பெரியம்மா கால் பண்றாங்க. பேசிட்டு வந்து ஆர்டர் போடுறேன்

கவிதா அண்ணி: போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஹால் பத்தி இன்னும் நான் எதுவும் சொல்லல.

பிரபு: கடைக்காரர் பத்து மணி வரைக்கும்தான் இந்த விலைன்னு போட்டிருக்கார் அண்ணி

கவிதா அண்ணி: அதுக்கு?