மாட்டுத்தொழுவம் பக்கத்துல வளர்ற குழந்தைக்கு அலர்ஜி வராதா?

கேள்வி – கிராமத்துவாசி:
மியூனிக் பக்கத்துல ஒரு கிராமத்துல வாடகைக்கு இருக்கோம், பின்பக்கமே ஓனரோட மாட்டுத்தொழுவம். எனக்கு இப்ப அஞ்சாவது மாசம். அவருக்கு சின்ன வயசுலேர்ந்தே வீசிங், அதான் குழந்தைக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு. ஓனரம்மா என்னடான்னா தொழுவத்துல வளர்ற பிள்ளைக்கு அதெல்லாம் வராது, கறந்த பாலை அப்படியே குடுன்றாங்க. உண்மையாங்க?

வெண்ணிலா:
பெரும்பாலும் உண்மைதான், உங்க ஏரியாலயே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. மியூனிக் டாக்டர் எரிகா ஃபான் மூட்டியுஸ் பல வருஷமா இதத்தான் பாக்குறாங்க. 2001ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல, ஒரு வயசுக்குள்ளயே தொழுவமும் பண்ணைப் பாலும் பழகின பசங்கள்ல ஆஸ்துமா 1 சதவீதம், அதுக்கப்புறம் அஞ்சு வயசுக்குள்ள பழகினவங்கள்ல 11. அம்மா கர்ப்பமா இருக்கும்போது தொழுவத்துல வேலை செஞ்சிருந்தாலும் பிள்ளைக்கு அலர்ஜி கம்மின்னு பின்னாடி வந்த ஆய்வுல பாத்தாங்க.

மண்வாசம்:
எனக்கு ரொம்ப பிடிச்சது அமெரிக்கால ஆமிஷ், ஹட்டரைட்னு ரெண்டு கிறிஸ்தவ சமூகத்த வச்சு 2016ல வந்த ஆய்வு. ரெண்டு பேருமே ஐரோப்பாலேர்ந்து போன விவசாயிங்க, ஜீனும் கிட்டத்தட்ட ஒண்ணு, சாப்பாடும் அப்படித்தான், ஆனா ஆமிஷ் வீட்டு வாசல்லயே மாடும் குதிரையும் நிக்கும், பசங்க அதுக்குள்ளயே ஓடியாடி வளரும், ஹட்டரைட்டுக்கு மெஷின் வச்ச பெரிய பண்ணை வீட்டவிட்டுத் தள்ளி இருக்கும். ஆமிஷ் பசங்கள்ல ஆஸ்துமா 5 சதவீதம், ஹட்டரைட்ல 21. ஆமிஷ் வீட்டுத் தூசில எண்டோடாக்சின்ங்கிற பாக்டீரியா பொருள் ஏழு மடங்கு கிட்ட அதிகம். அந்தத் தூசிய எலி மூக்குல விட்டுப் பாத்தாங்க, ஆஸ்துமா மாதிரி வரவே இல்ல, ஹட்டரைட் தூசிக்கு அந்த சக்தி இல்ல. தினமும் அந்தத் தூசிய சுவாசிச்சு உடம்பு பழகுறதுதான் விஷயம், எப்பவாவது ஒருநாள் பண்ணைக்குப் போய்ட்டு வர்றதுல அது கிடைக்காது.

நர்ஸ்அக்கா:
பால் விஷயத்துல மட்டும் ஓனரம்மா பேச்ச கேக்காதம்மா! பண்ணைல காசு போட்டு பால் பிடிக்கிற மெஷின்லயே காய்ச்சிக் குடிக்கணும்னு போர்டு இருக்கும் பாரு. பச்சைப் பால்ல லிஸ்டீரியாங்கிற கிருமி இருந்தா வயித்துப் பிள்ளைக்கே ஆபத்து, ஈகோலை கிருமி சின்னப் பசங்க கிட்னியவே கெடுத்துடும். ஒரு வயசு வரைக்கும் பசும்பாலே வேண்டாம், தாய்ப்பால் குடு. மாடு கன்னு போடுற நேரம் தொழுவத்துக்குள்ள போகாத, நஞ்சுக்கொடில க்யூ ஃபீவர் கிருமி இருக்கலாம். உங்க வீட்டுக்காரருக்கு வைக்கோல் தூசி பட்டா வீசிங் கிளம்பும், அவர் இன்ஹேலர விட்டுட வேண்டாம்.