மறுமொழி: குழாய் மூடியிருக்கும்போது ஒரு அழுத்தம், திறந்தால் ஒரு அழுத்தம் – கலைச்சொல் வேண்டும்

ம. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய வாட்டர் ஹீட்டரை மாற்றிப் பெரியதோ, தொட்டியில்லாத உடனடி வகையோ வாங்கப் போகிறவர்கள், அதற்கு முன் வீட்டுத் தண்ணீர் அழுத்தத்தை எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் கையேடு. அதில் இரண்டு அளவுகள் வருகின்றன. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அழுத்தமானியைப் பார்ப்பது ஒன்று. வேறொரு குழாயில் தண்ணீர் ஓடும்போதே பார்ப்பது இன்னொன்று. ஆங்கிலத்தில் ஸ்டேட்டிக், டைனமிக். இப்போதைக்கு 'நிலை அழுத்தம்', 'இயங்கு அழுத்தம்' என்று போட்டிருக்கிறேன். அம்மாவிடம் படிக்கக் கொடுத்தால், நிலை அழுத்தம் என்பது ஏறாமல் இறங்காமல் நிலையாக இருப்பது என்று புரிந்துகொண்டார். அந்த அளவோ இரவில் ஒன்று, காலையில் ஒன்று என்று மாறக்கூடியது. உதவுங்கள்.

செ. எழுதியது:

'இயங்கு அழுத்தம்' வேண்டவே வேண்டாம். இயற்பியலில் அது வேறொன்றின் பெயர்: அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவது. குழாயில் தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் ஓடினாலும் அது 2,000 பாஸ்கல், அதாவது 0.02 பார்தான் (இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்). வீட்டு அழுத்தமானியில் முள் அசைவதே தெரியாது. குழாய்க்காரர்கள் டைனமிக் என்று சொல்வது, உராய்வில் இழந்தது போகக் குழாயில் மிஞ்சும் அழுத்தத்தை. மூலத்திலேயே பெயர் தளர்வாக இருக்கிறது. அந்தத் தளர்வை நாமும் இறக்குமதி செய்ய வேண்டுமா? மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதை வகுப்பில் பார்க்கிறேன்.

த. எழுதியது:

வினைத்தொகை இருக்க நமக்கு என்ன குறை? நில்நீர் அழுத்தம், செல்நீர் அழுத்தம். நிற்கும் நீர், செல்லும் நீர். மூன்று காலமும் அடங்கிய சொற்கள்.

செ. எழுதியது:

ஐயா, புணர்ச்சியைப் பாருங்கள். நல் + நூல் நன்னூல் ஆவது போல நில்நீர் 'நின்னீர்' ஆகும். 'உன் தண்ணீர்' என்று படிப்பார்கள். செல்நீர் 'சென்னீர்' ஆகும். காதில் விழும்போது செந்நீர், இரத்தம். புணர்க்காமல் எழுதலாம் என்றால் இலக்கணத்தின் பெயரால் சொல்லை ஆக்கிவிட்டு இலக்கணத்தை விடுவதாகும்.

வி. எழுதியது:

இலங்கைப் பாடநூல்களில் படித்த எங்களுக்கு இது 'அமுக்கம்'. வளிமண்டல அமுக்கம், குருதியமுக்கம். உங்கள் 'அழுத்தம்' ஏற்கெனவே மன அழுத்தத்தையும் மின்னழுத்தத்தையும் சுமக்கிறது. ம. அக்காவின் கையேட்டில் ஹீட்டருக்கான மின்னழுத்தமும் கட்டாயம் வரும். ஒரே பக்கத்தில் இரண்டு அழுத்தம் ஏன்?

த. எழுதியது:

அமுங்கு–அமுக்கு, அழுந்து–அழுத்து: இரண்டுமே தன்வினை, பிறவினை இணைகள்தான். ஆனால் அழுந்துதலுக்கு நீரில் மூழ்குதல் என்ற பொருளும் உண்டு. ஆழ், ஆழம், அழுந்து எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் உறுதியான எண்ணம். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்ற இயற்பியல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 1 பார். மேல்தொட்டி குளியலறைக் குழாயைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். அமுக்கத்தில் இந்த ஆழம் இல்லை. ஊற்று, உந்து, உய் ஆகியவற்றையும் சேர்த்து ஒரு தனி மடல் எழுதுகிறேன்.

இரா. எழுதியது:

ஐயா, அந்த மடலுக்குக் காத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கையேட்டைப் படிப்பவர் அழுத்தமானியைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் நிற்கிறார். குழாய் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவருக்கு வேண்டியது 'எப்போது பார்க்க வேண்டும்' என்பது. மூடியிருக்கும்போது 4 பார், ஒரு ஷவரைத் திறந்ததும் 1 பார் என்று விழுந்தால், பழைய இரும்புக் குழாய் உள்ளே துருவேறிச் சுருங்கியிருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், முதன்மை வால்வு பாதிதான் திறந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல ஹீட்டர் வாங்கினாலும் ஷவரில் அதே நூல் தண்ணீர்தான். உடனடி வகை என்றால் குறைந்தபட்ச ஓட்டம் இல்லாவிட்டால் சூடேற்றத் தொடங்கவே செய்யாது. மறுபக்கம், மூடியிருக்கும்போது 5, 5.5 பாரைத் தாண்டினால் அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டும். அந்த உச்சம் பெரும்பாலும் ஊர் உறங்கும் நேரத்தில்தான் வரும்.

கூடவே வாளிச் சோதனையையும் எழுதுங்கள் அக்கா. 10 லிட்டர் வாளி 40 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். இதற்குக் கலைச்சொல்லே வேண்டாம்.

த. எழுதியது:

வால்வு என்கிறீர்களே, 'ஓரதர்' இருக்கிறதே? ஓர் + அதர், ஒரு வழி. எவ்வளவு அழகு!

இரா. எழுதியது:

அழகுதான், ஆனால் ஒரு வழியாக மட்டும் விடுவது திரும்பாத் தடுப்பு வால்வு ஒன்றுதான். மற்றவற்றையும் ஓரதர் என்றால் ஆபத்து. காரணம் சொல்கிறேன். 200 லிட்டர் தண்ணீரை 20 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் சுமார் 3 லிட்டர் விரியும். திரும்பாத் தடுப்பு வால்வு இருக்கும் வீட்டில் அது வந்த வழியே திரும்பாது. விரிந்த தண்ணீரை ஏற்கும் விரிவுக் கலனோ அழுத்தம் விடுவிக்கும் வால்வோ வழி கொடுத்தாக வேண்டும். விடுவிக்கும் வால்வை அடைத்துவிட்டால் ஹீட்டர் தொட்டியே வெடிக்கவும் கூடும். எந்த வால்வு எது என்று படிப்பவர் ஒரு நொடிகூட யோசிக்கக் கூடாத இடம் இது.

செ. எழுதியது:

இரா. சொன்னதிலிருந்தே பெயரை எடுக்கலாம்: மூடுநிலை அழுத்தம், ஓடுநிலை அழுத்தம். எதுகையும் இருக்கிறது, எப்போது பார்ப்பது என்பதும் இருக்கிறது. இயற்பியல் சொல்லோடு மோதவில்லை. ஓட்டவழுத்தம், ஓட்டழுத்தம் என்றெல்லாம் போனால் ஓட்டு எண்ணிக்கை ஞாபகம்தான் வரும்.

த. எழுதியது:

ஏற்க முடியவில்லை. மூடுவது குழாய், ஓடுவது நீர். இணைச்சொல்லில் எழுவாய் மாறலாமா? 'ஓய்வழுத்தம்', 'ஓடழுத்தம்' இரண்டிலும் எழுவாய் நீரே. 'நிலை' என்ற தேவையற்ற வாலும் இல்லை.

வி. எழுதியது:

ஓய்வழுத்தம் என்றால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரின் இரத்த அழுத்தம் போல இருக்கிறது, ஐயா. மூடுநிலைக்கு என் ஆதரவு. ஆனால் முதல் இடத்திலாவது 'அழுத்தம் (அமுக்கம்)' என்று போடுங்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களும் படிப்பார்கள்.

ம. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூடுநிலை அழுத்தம், ஓடுநிலை அழுத்தம் என்றே அனுப்புகிறேன், செ., இரா., வி. மூவரும் சரி என்கிறார்கள். அமுக்கம் முதல் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும். வால்வு வால்வாகவே இருக்கும். த. ஐயாவின் எழுவாய்க் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அழுத்தமானியில் உச்சத்தைத் தொட்ட இடத்திலேயே நின்றுவிடும் இரண்டாவது முள்ளுக்கும் பெயர் வேண்டும். 'உச்சமுள்' என்று வைத்திருக்கிறேன், மறுப்பு இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள்.

த. எழுதியது:

மறுப்பு உண்டு. முகடு, கொடுமுடி, உச்சி மூன்றையும் ஒப்பிட்டு இன்றிரவு எழுதுகிறேன். ஓய்வழுத்தத்தையும் நான் விடவில்லை.